பழைய ஆர்பி 67: முதல் ரோலில் பத்துப் படமும் காணோம்

கண்ணாடிப்பூ:

35 மி.மீ. கேமராவில் நாலைந்து வருடமாக ஃபிலிம் ஓட்டுகிறேன், கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே டெவலப் செய்கிறேன், அதனால் எஃப் நம்பர், ஷட்டர் வேகம் என்று யாரும் அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்பில் இருந்தேன். போன வாரம் ஒரு மாமியா ஆர்பி 67 ப்ரோ-எஸ் அந்த மிதப்பை இறக்கி வைத்துவிட்டது.

கேமரா ரெண்டாங்கை. 127 மி.மீ. எஃப் 3.8 லென்ஸ், குனிந்து பார்க்கிற மடக்கு வ்யூஃபைண்டர், 120 ஃபிலிமுக்கான பேக் (அகலமான ரோல் ஃபிலிமை மாட்டிக் கேமராவின் பின்னால் சேர்க்கிற பெட்டி) ஒன்று, இவ்வளவுதான் வந்தது. கையேடு இல்லை. விற்றவருக்கு அவருடைய பெரியப்பாவிடமிருந்து வந்ததாம். "நான் தொட்டதே இல்லை, லீவரை இழுத்தால் ஏதோ சத்தம் வருகிறது" என்றார். அந்தச் சத்தம் எனக்கும் பிடித்துப்போனது, வாங்கிவிட்டேன். பேட்டரியே கிடையாது, எல்லாம் ஸ்ப்ரிங்கும் பல்சக்கரமும்தான், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஃபிலிம் மாட்டியது இப்படி: பேக்கைத் திறந்து, காகிதத்தின் நுனியைக் காலிச் சுருளின் பிளவில் செருகி, அம்புக்குறி பேக்கில் உள்ள குறிக்கு நேராக வரும்வரை சுற்றி, மூடி, பேக்கின் லீவரை 1 வந்து நிற்கும்வரை தள்ளினேன். படம் எடுக்கும்போது டார்க் ஸ்லைடை (ஃபிலிமை மறைக்கும் தகட்டை) உருவி வைத்துவிட்டு, கேமராவின் பக்கவாட்டில் உள்ள பெரிய லீவரைக் கீழே அழுத்தி, ஃபோகஸ் செய்து, முன்பக்கப் பொத்தானை அமுக்கினேன். "தடால்" என்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். அப்புறம் பேக்கின் லீவரைத் தள்ளி அடுத்த படம். பத்தும் முடிந்தது.

வழக்கமான டெவலப்பர், வழக்கமான நேரம். தொட்டியிலிருந்து எடுத்தால் ஃபிலிம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஒரு நிழல்கூட இல்லை. ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. பத்தில் எட்டு வெளியே நல்ல வெயிலில் 1/125, 1/250 வேகத்தில் எடுத்தவை. ரெண்டு மட்டும் ஜன்னல் ஓரத்தில் முக்காலி போட்டு 1 வினாடி.

எங்கே தப்பு? ஷட்டர் போய்விட்டதா? ரெண்டாவது கேள்வி, சின்னதுதான்: வ்யூஃபைண்டரில் இடது வலதாகத் தெரிவதற்கு மனிதர்கள் எப்படித்தான் பழகுகிறீர்கள்? ஓடுகிற நாயை ஃப்ரேமுக்குள் வைக்கப் பார்த்து நானே ரெண்டு முறை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டேன்.

மங்கலான மதியம்:

காகிதத்தைத் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். எழுத்து அச்சடித்த பக்கம் லென்ஸைப் பார்த்து இருந்தால் ஃபிலிம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், வெளிச்சம் காகிதத்தில் விழும், படம் ஒன்றுமே வராது. முதல் ரோலில் நான் செய்தது அதுதான். ரெண்டாவது ரோலிலும் அதையே செய்தேன் என்பது வேறு விஷயம்.

கண்ணாடிப்பூ:

அதுவாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் இல்லை, மாட்டும்போது போன் கேமராவில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன், இப்போது மறுபடி பார்த்தேன். எழுத்துள்ள பக்கம் பின்னால் அழுத்துகிற பிரஷர் பிளேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது, கறுப்புப் பக்கம் லென்ஸைப் பார்த்து. அம்புக்குறியும் சரியாக நிற்கிறது.

இருட்டறைவாசி:

ஓரத்தில் எண்கள் வந்திருக்கின்றன என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த எழுத்துகளை ஃபிலிம் தயாரிக்கும் இடத்திலேயே வெளிச்சம் காட்டிப் பதித்து அனுப்புகிறார்கள். உங்கள் டெவலப்பர் செத்திருந்தாலோ ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருந்தாலோ அவையும் சேர்ந்து காணாமல் போயிருக்கும். ஆக டெவலப் சரி. ஃபிலிமின்மேல் வெளிச்சம் விழவே இல்லை. டார்க் ஸ்லைடு உள்ளே இருந்தால் ப்ரோ-எஸ் பொத்தானை அமுக்கவே விடாது, அதனால் அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது லென்ஸ். பத்து நிமிடம் ஒதுக்கி, ஃபிலிம் இல்லாமல் இதைச் செய்து பாருங்கள். காலி பேக்கில் டார்க் ஸ்லைடைச் செருகிவிட்டுப் பேக்கைக் கழற்றி வையுங்கள். லென்ஸை வெளிச்சமான ஜன்னல் பக்கம் காட்டுங்கள். ஷட்டர் வேகத்தை 1 வினாடிக்கும் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) 3.8-க்கும் கொண்டுவாருங்கள். பெரிய லீவரை அழுத்துங்கள். இப்போது கேமராவின் பின்பக்கத்திலிருந்து உள்ளே பார்த்தபடி பொத்தானை அமுக்குங்கள். நடக்க வேண்டியது: பின்னால் மறைத்துக்கொண்டிருக்கும் தட்டும் கண்ணாடியும் மேலே போகும், உடனே லென்ஸ் திறந்து ஒரு வினாடி வெளிச்ச வட்டம் தெரியும், அந்த ஒரு வினாடியும் லென்ஸுக்குள் "கிர்ர்ர்" என்று சின்ன சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

வட்டம் தெரிந்ததா, கிர்ர்ர் கேட்டதா, ரெண்டையும் சொல்லுங்கள். கூடவே லென்ஸின் பக்கத்தில் கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பி) திருகுகிற சின்னத் துளை இருக்கும், அதைச் சுற்றி ஒரு குமிழ் இருக்கும், அது எந்த எழுத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள்.

கண்ணாடிப்பூ:

செய்தேன். தடால் என்று கண்ணாடி மேலே போனது. தட்டும் போனது. லென்ஸுக்குள் கும்மிருட்டு. வட்டமும் இல்லை கிர்ர்ரும் இல்லை. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் இப்படித்தான். சரி, ஷட்டர் போய்விட்டது, லென்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று வயிற்றில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் குமிழைப் பார்த்தேன். 'எம்' என்ற எழுத்தில் நிற்கிறது. இன்னொரு பக்கம் 'என்' என்று இருக்கிறது. என்னவென்று தெரியாமல் தொடப் பயமாக இருக்கிறது.

இருட்டறைவாசி:

லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். குமிழை 'என்' பக்கம் திருப்பிவிட்டு மறுபடி செய்து பாருங்கள்.

கண்ணாடிப்பூ:

கிர்ர்ர்ர்ர்ர்.

அண்ணே, நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் நன்றாக இருங்கள். முழு வட்டமாக, ஒரு வினாடி அப்படியே நின்று மூடுகிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

ஆனால் எனக்கும் புரியவில்லை. பத்து முறை தடால் என்று சத்தம் வந்ததே, வ்யூஃபைண்டரும் ஒவ்வொரு முறையும் இருண்டதே, அப்படியானால் அது என்ன செய்துகொண்டிருந்தது?

இருட்டறைவாசி:

நீங்கள் கேட்டது கண்ணாடியின் சத்தம். இந்தக் கேமராவில் ஷட்டர் உடம்பில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. லீவரை அழுத்தும்போது ரெண்டு வேலை நடக்கிறது: கண்ணாடி கீழே இறங்குகிறது, லென்ஸின் ஸ்ப்ரிங்கும் ஏறுகிறது. நீங்கள் ஃபோகஸ் செய்ய வேண்டுமே, அதனால் அந்த நேரத்தில் லென்ஸ் திறந்தேதான் இருக்கிறது. ஃபிலிமைக் காப்பது கண்ணாடியும் அதன் பின்னால் உள்ள தட்டும்தான். பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் முதலில் மூடுகிறது, கண்ணாடியும் தட்டும் மேலே போகின்றன, அதன் பிறகுதான் லென்ஸ் நீங்கள் வைத்த வேகத்துக்குத் திறந்து மூடுகிறது. சாதாரணமாக இது எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடும்.

குமிழ் 'எம்'மில் இருந்தால் இந்த மூச்சு பாதியில் நின்றுவிடும். லென்ஸ் மூடும், கண்ணாடி போகும், அங்கேயே காத்திருக்கும். லென்ஸின் துளையில் திருகிய கேபிள் ரிலீஸை நீங்கள் தனியாக அழுத்தினால்தான் மீதி நடக்கும். முக்காலியில் வைத்து மெதுவான வேகத்தில் எடுக்கும்போது, அவ்வளவு பெரிய கண்ணாடி எழும்பி அடிக்கிற அதிர்வு அடங்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. பெரியப்பா முக்காலிக்காரராக இருந்திருப்பார். கடைசியாக எப்போதோ அப்படி எடுத்தவர் குமிழைத் திருப்பாமலே வைத்துவிட்டார்.

35 மி.மீ. கேமராவில் படம் எடுத்ததும் கண்ணாடி கீழே வந்துவிடும் என்பதால் ஏதாவது கோளாறு இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதில் அடுத்த முறை லீவரை அழுத்தும்வரை இருட்டுதான், படம் விழுந்தாலும் இருட்டு, விழாவிட்டாலும் இருட்டு. உங்கள்மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த 1 வினாடிப் படங்கள் ரெண்டையும் எடுத்தபோது கிர்ர்ர் வரவில்லையே என்று காது கேட்டிருக்க வேண்டும், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றுகால்:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கேமராவோடு பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். (எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே 'மாமியார்'. கனம், சத்தம், சொன்ன வரிசையில் செய்யாவிட்டால் ஒத்துழைக்காது.)

ஆர்பி என்றால் ரிவால்விங் பேக், சுழலும் பின்பக்கம். 1970-இல் முதல் ஆர்பி 67 வந்தது, உங்களுடைய ப்ரோ-எஸ் 1974-இல். ஸ்டூடியோவில் ஒரே இடத்தில் முக்காலியில் நிற்பதற்காகச் செய்த சாமான் இது. படுக்கை வசத்திலிருந்து நெடுக்கு வசத்துக்கு மாற கேமராவைச் சாய்க்க வேண்டாம், பேக்கை மட்டும் திருகினால் போதும். லென்ஸோடு சேர்த்து இரண்டரை கிலோவுக்கு மேல் வருகிறதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைவது நம் ஆசை, அதைச் செய்தவர்களின் திட்டம் இல்லை. அலையலாம், நானும் அலைகிறேன், ஆனால் கையில் பிடித்தால் 1/125-க்குக் கீழே போகாதீர்கள், வாரைக் கழுத்தில் இறுக்கி கேமராவை வயிற்றோடு அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்த ரோல் போடுவதற்கு முன் ரெண்டு நாள் ஃபிலிமே இல்லாமல் பழகுங்கள், நான் சொல்வதில் இதுதான் முக்கியம். லீவர், ஃபோகஸ், பொத்தான், பேக் லீவர். லீவர், ஃபோகஸ், பொத்தான், பேக் லீவர். மற்ற கேமராக்களில் ஒரு விரல் செய்கிற வேலையை இதில் நாலு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள், கை அதை மனப்பாடம் செய்யாமல் மண்டை மட்டும் தெரிந்து பயனில்லை. லென்ஸைக் கழற்றி மாட்டியும் பழகுங்கள். கழற்றுவதற்கு முன் பெரிய லீவரை அழுத்தியிருக்க வேண்டும், கழற்றி வைத்திருக்கும்போது லென்ஸின் பின்னால் உள்ள ஊசிகளை விளையாட்டுக்குக்கூடத் தள்ளிப் பார்க்காதீர்கள். உடம்பின் ஸ்ப்ரிங் ஏறியும் லென்ஸின் ஸ்ப்ரிங் இறங்கியும் இருந்தால் ரெண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. சேராததை அழுத்தி மாட்டினால் பிறகு கண்ணீர்தான்.

இடது வலது விஷயம்: நாயைத் துரத்தாதீர்கள். முதலில் அசையாத ஒரு நாற்காலியை வைத்து, வ்யூஃபைண்டரில் அது எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கமே கேமராவைத் திருப்பினால் அது இன்னும் ஒதுங்குகிறது என்பதைப் பாருங்கள், எதிர்ப்பக்கம் திருப்பினால் நடுவுக்கு வரும். அரை மணி நேரம் செய்தால் கழுத்து தானாகப் பழகிவிடும். மடக்கின் உள்ளே ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருக்கிறது, தெரியுமா? அதைத் தூக்கிக்கொண்டு கண்ணை ஒட்டி வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். 127-ஐ 3.8-இல் முழுதாகத் திறந்தால் கண் கூர்மையாகவும் காது மங்கலாகவும் வரும், அந்த அளவுக்குத்தான் இடம் இருக்கும்.

வெளிச்சம் அளக்க போன் ஆப் போதும். அது இல்லாத நாளில் பழைய கணக்கு: நல்ல வெயில், எஃப் 16, ஃபிலிமின் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எண்ணையே வேகமாக வை. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400, உங்கள் லென்ஸின் கடைசி வேகமே அதுதான், அளவெடுத்துத் தைத்த மாதிரி.

செல்லரித்த லென்ஸ்:

எல்லாரும் ஆறுதல் சொல்கிறீர்கள், நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.-ஐவிடப் பெரிய ஃபிலிம்) கற்றுக்கொள்ள இது சரியான கேமரா இல்லை. இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று, ரோலிகார்ட், யாஷிகா மாதிரி, பாதிக்கும் கம்மியான கனம், உள்ளே எழும்பி அடிக்கக் கண்ணாடி கிடையாது, கழற்ற பேக் கிடையாது, மறக்க டார்க் ஸ்லைடு கிடையாது. பன்னிரண்டு சதுரப் படம், நிம்மதி. இதன் 6x7 செ.மீ. படத்துக்கு ரோலுக்குப் பத்துதான். விற்றுவிட்டு மாறிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றுகால்:

மறுக்கவில்லை, தெருவில் படம் எடுக்க அதுதான் நல்லது. ஆனால் இரட்டை லென்ஸில் ரெண்டு சங்கடம் உண்டு. பார்க்கிற லென்ஸ் மேலே, எடுக்கிற லென்ஸ் கீழே, அதனால் கிட்டத்தில் போனால் நீங்கள் பார்த்தது ஒன்று, ஃபிலிமில் விழுவது ஒன்று. அப்புறம், பேக் கழலாததால் பாதி ரோலில் வேறு ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு மாற முடியாது. அவர் கேட்டது எப்படி ஓட்டுவது என்று, நீங்கள் வண்டியையே மாற்றச் சொல்கிறீர்கள்.

செல்லரித்த லென்ஸ்:

வண்டி கனமாக இருக்கிறது என்று முதலில் புலம்பியது நீங்கள்தான்.

கண்ணாடிப்பூ:

சண்டை போடாதீர்கள், ரெண்டாவது ரோல் வந்துவிட்டது! பத்தில் பத்தும் படம். ஈரத்தோடு ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து ஒரு நெகட்டிவைப் பார்த்தபோது கை நடுங்கியது. 35 மி.மீ.-இல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டிய முகம், இதில் வெறும் கண்ணுக்கே இமை முடியோடு தெரிகிறது. பரப்பளவு நாலரை மடங்கு என்று படித்திருக்கிறேன், கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

ஆனால் மூன்று குறை.

ஒன்று, நாலு படங்களில் ஒரே ஓரத்தில் கறுப்பாக ஆப்பு மாதிரி ஒரு பட்டை. நெகட்டிவில் கறுப்பு என்றால் வெளிச்சம் கசிந்திருக்கிறது, அது தெரிகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை.

ரெண்டு, தூரத்தில் எடுத்தவை எல்லாம் நல்ல அடர்த்தி. ஆனால் என் பாட்டியின் கைகளை மிகக் கிட்டத்தில், பெல்லோஸை (லென்ஸை முன்னே தள்ளும் மடிப்புத் துருத்தியை) முழுக்க வெளியே தள்ளி எடுத்த ரெண்டு படமும் வெளிறி மெலிந்து இருக்கின்றன. அதே ஜன்னல், அதே அளவீடு. மீட்டர் பொய் சொல்கிறதா?

மூன்று, 1/30-இல் எடுத்த ஒன்று எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக இருக்கிறது. இது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

இருட்டறைவாசி:

வாழ்த்துகள். ரெண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுவாரசியமானது.

மீட்டர் பொய் சொல்லவில்லை, பெல்லோஸைப் பற்றி அதற்குத் தெரியாது. லென்ஸ் ஃபிலிமை விட்டு விலக விலக, அதே வெளிச்சம் அகலமாகப் பரவி விழுகிறது, அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் கிடைப்பது குறைகிறது. கணக்கு எளிது. உங்கள் லென்ஸ் 127, பெல்லோஸ் முழுக்க வெளியே வந்தால் 46 மி.மீ. கூடுகிறது, மொத்தம் 173. 173-ஐ 127-ஆல் வகுத்தால் 1.36, அதை அதனாலேயே பெருக்கினால் 1.86. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும், ஒரு ஸ்டாப்புக்குக் (ஸ்டாப் என்றால் சரியாக இரண்டு மடங்கு) கொஞ்சம் குறைவு. 90 மி.மீ. லென்ஸாக இருந்திருந்தால் அதே 46-க்கு 2.28, ஒரு ஸ்டாப்பைத் தாண்டிவிடும். கணக்கே போட வேண்டாம் என்றால் கேமராவின் பக்கத்தில் கோடுகள் போட்ட அளவுப் பலகை ஒன்று இருக்கிறதே, பெல்லோஸ் நீளும்போது வெளியே தெரியும், அதில் உங்கள் லென்ஸின் கோட்டைப் பிடித்துப் போனால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும். அழகுக்குப் போட்ட கோடு என்றுதான் நானும் ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

கசிவு. நெகட்டிவை மறுபடி எடுத்து, அந்தக் கறுப்புப் பட்டை படத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறதா, இல்லை எல்லையைத் தாண்டி எண்கள் உள்ள ஓரம்வரை போகிறதா என்று பாருங்கள். தாண்டிப் போனால் கசிவு பேக்கின் கதவு வழியாக, அல்லது ரோலைக் கழற்றிய பிறகு சுருள் தளர்ந்து ஓரம் வழியாக உள்ளே போயிருக்கிறது. எல்லையோடு நின்றால் வெளிச்சம் முன்பக்கமிருந்து, அதாவது பேக்கும் உடம்பும் சேரும் இடத்திலிருந்தோ பெல்லோஸ் ஓட்டையிலிருந்தோ வந்திருக்கிறது, ஃப்ரேமின் சட்டம் அதற்கு வேலி போட்டிருக்கிறது. பெல்லோஸுக்கு இருட்டு அறையில் உள்ளே ஒரு சின்ன டார்ச்சை வைத்து, முழுக்க நீட்டி, மடிப்பு மூலைகளைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், நட்சத்திரம் தெரிந்தால் அதுதான்.

நான் பந்தயம் கட்டுவது ஃபோம்மேல். இந்த வயதுக் கேமராவில் வெளிச்சம் புகாமல் ஓரங்களில் ஒட்டிய ஃபோம் தாராக உருகிப்போயிருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுத்தால் சந்தேகமே வேண்டாம்.

1/30 பெரிய விஷயம்தான், சின்னதாக. பழைய ஷட்டர், எண்ணெய் காய்ந்து மெதுவாக ஓடுகிறது. போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷன் இருந்தால், பேக்கைக் கழற்றிப் பின்னாலிருந்து லென்ஸைப் படம் பிடித்து, வெளிச்சம் தெரிகிற படங்களை எண்ணுங்கள். 1/30-க்கு 8 வர வேண்டும், 1/8-க்கு 30. 1/30-க்குப் பன்னிரண்டு பதின்மூன்று வந்தால் அரை ஸ்டாப்புக்கு மேல் தாமதம். வேகமான எண்களுக்கு இந்த வித்தை உதவாது. தினமும் இருபது முப்பது முறை சும்மா ஓட்டினால் சில லென்ஸ் தானாக விழித்துக்கொள்ளும், சிலது விழிக்காது, அதைத் தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டியதுதான்.

கண்ணாடிப்பூ:

ஃபோம்தான். பேக் சேரும் இடத்தில் விரலை வைத்தேன், தார் ரோட்டில் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. பட்டையும் படத்தின் எல்லையோடு நிற்கிறது, நீங்கள் சொன்னபடியே. வெயிலில் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன், அந்த நாலு படமும் அதற்கு அடுத்து எடுத்தவை என்று இப்போது ஞாபகம் வருகிறது. பழையதை எதைப் போட்டு எடுப்பது?

மங்கலான மதியம்:

மரக்குச்சியால் சுரண்டுங்கள், மிச்சத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உலோகத்தால் சுரண்டாதீர்கள். சுரண்டும்போது டார்க் ஸ்லைடு உள்ளே இருக்கட்டும், கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள், ஒரு துணுக்கு ஃபோகஸிங் ஸ்க்ரீனில் விழுந்தால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு படத்திலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் ஒட்டுகிற பசையோடு வரும் மெல்லிய கறுப்பு ஃபோமை நறுக்கி ஒட்டுங்கள். வரும்வரைக்கும் வெளியே கறுப்பு டேப். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

கண்ணாடிப்பூ:

மூன்று மணி நேரம் ஆனது, விரல் நகத்தில் இன்னும் கறுப்பு போகவில்லை. மூன்றாவது ரோலில் கசிவு இல்லை. பாட்டியின் கைகளை மறுபடி எடுத்தேன், இந்த முறை ஒரு ஸ்டாப் கூட்டி. மோதிரத்தில் உள்ள கீறல்வரை வந்திருக்கிறது, பாட்டி தன் கையைப் பார்த்துவிட்டு "இவ்வளவு கிழடாகிவிட்டேனா" என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

1/30-க்குப் பதினொன்று எண்ணினேன். தினமும் காலையில் முப்பது முறை ஓட்டுகிறேன், பக்கத்து அறையிலிருந்து திட்டு விழுகிறது. அப்புறம், அந்தப் பாழாய்ப்போன குமிழை 'என்'னில் வைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிட்டேன், இனி அது நகரவே நகராது.

மூன்றுகால்:

டேப்பை எடுங்கள். பாட்டியின் கையை முக்காலியில் எடுத்தீர்களா, என்ன வேகம்?

கண்ணாடிப்பூ:

முக்காலிதான். 1/8.

மூன்றுகால்:

அப்படியானால் கேபிள் ரிலீஸ் ஒன்று வாங்கி, குமிழை 'எம்'முக்குத் திருப்பி, பொத்தானை அமுக்கி, தடால் அடங்கட்டும் என்று மூன்று எண்ணிவிட்டு, அதன் பிறகு கேபிளை அழுத்தி அதே படத்தை இன்னொரு முறை எடுங்கள். ரெண்டு நெகட்டிவையும் லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முடிந்ததும் குமிழைத் திரும்ப 'என்'னுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், பெரியப்பா மாதிரி.